பல்சர் 150: ஓடிக்கொண்டிருக்கேக்க நிக்குது, ஆறவிட்டா ஸ்டார்ட் ஆகுது (சிடிஐ மாத்தியும் சரிவரேல்ல)

வெள்ளவத்தை_பல்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல் தரம் எழுதுறன், ஏனெண்டா இனி காசும் இல்ல பொறுமையும் இல்ல.

பைக் பல்சர் 150, காபரேட்டர் மொடல், 2011. நான் ரெண்டாவது ஓனர். மீற்றர்ல 61 ஆயிரம் ஓடியிருக்கு. காலமை கொழும்பில வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போறனான். வெளிக்கிடேக்க ஒரு பிரச்சினையும் இல்ல, ஒரு தட்டுல பிடிக்கும். பம்பலப்பிட்டி தாண்டிக் கொள்ளுப்பிட்டிக்குக் கிட்டப் போகேக்க, அதாவது ஒரு 15, 20 நிமிசம் ஓடினாப் பிறகு, பவர் குறையத் தொடங்கும், முறுக்க முறுக்க இழுக்காது, ரெண்டு மூண்டு தரம் குமுறிப்போட்டு நிண்டிடும். பிறகு ஸெல்ஃப் அடிச்சா என்ஜின் சுத்தும் ஆனா பிடிக்காது, கிக் அடிச்சாலும் இல்ல. பின்னால பஸ்காரன் ஹோன் அடிச்சுக்கொண்டு நிப்பான், நான் ஒஃபிஸ் சேட்டோட பைக்கைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரம் போவன். ஒரு 15 நிமிசம் ஆறவிட்டா ஒண்டுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

இதுவரைக்கும் செய்தது: பிளக் ரெண்டும் புதுசு, ஏர் ஃபில்டர் புதுசு, காபரேட்டர் கழட்டிக் கழுவியாச்சு. அதுக்குப் பிறகு ஒரு மெக்கானிக் பாஸ், சிடிஐதான் (பிளக்கில எப்ப பொறி வரவேணும் எண்டு பாக்கிற பெட்டி) சூட்டில அடிவாங்குது எண்டு சொல்ல அதையும் மாத்தினன், ரெண்டு நாள் ஒழுங்கா ஓடினது, மூண்டாம் நாள் திரும்ப நிண்டது. இப்ப அவர் பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயில மாத்துவம் எண்டுறார். மாத்தவோ வேண்டாமோ? இப்பிடி ஆருக்கும் வந்திருக்கோ? நானே செய்யக்கூடியதெண்டாச் சொல்லுங்கோ, ஸ்பானர் செற் ஒண்டும் மல்ரிமீற்றர் ஒண்டும் வீட்டில இருக்கு.

கொட்டாஞ்சேனை_கிக்கர்:

அண்ணே இது பிக்கப் கொயில் தான் (என்ஜின் சுத்துறத பாத்து சிடிஐக்கு சிக்னல் குடுக்கிற சின்ன கொயில்), கண்ண மூடிட்டு சொல்றேன். என்னோட பழைய பைக்லயும் இதே கதை. மேக்னட் கவருக்கு உள்ள இருக்கும், என்ஜின் சூடாச்சுன்னா உள்ள இருக்கிற மெல்லிசு கம்பி விரிஞ்சு எங்கயோ ஒரு இடத்துல விட்டுரும், ஆறினா திரும்ப சேர்ந்துக்கும். அதனாலதான் ஆறினா ஸ்டார்ட் ஆகுது. சிடிஐ மாத்தினது வீண் செலவு, அந்த பாஸ் முதல்ல அளந்து பாத்திருக்கணும். உங்ககிட்ட மீற்றர் இருக்கில்ல, பைக் கூலா இருக்கிறப்ப பிக்கப் கொயில் ரெசிஸ்டன்ஸ் எடுங்க, நின்னுபோன உடனே அதே ரெண்டு வயர்ல திரும்ப எடுங்க. சூட்டுல கொஞ்சம் கூடத்தான் காட்டும், பயப்படாதீங்க, செம்புக் கம்பி 10 பாகை சூடு ஏறினா கிட்டத்தட்ட 4 வீதம் ரெசிஸ்டன்ஸ் கூடும், அது இயற்கை. ஆனா மீற்றர் ஒண்ணுமே காட்டாம ஓப்பனா நின்னுச்சுன்னா கேஸ் முடிஞ்சுது.

மாளிகாவத்த_நானா:

மச்சான் சிடிஐ எங்க வாங்கின? பார்ட்ஸ் கடைகள் ஈக்கிற பஞ்சிகாவத்தைல வாங்கினதா? ஒரிஜினல் பெட்டிக்குள்ள டுப்ளிகேட்ட போட்டுக் குடுக்கிற ஆக்களும் ஈக்கி, கடை பேர் எல்லாம் இங்க போட வேணாம், ஆனா பழைய சிடிஐய வீசிடாம வெச்சிரு. பழசப் போட்டாலும் புதுசப் போட்டாலும் ஒரே மாதிரித்தான் நிக்கிதுண்டா சிடிஐ ரெண்டுமே நல்லம், அவ்வளவுதான் கணக்கு. அதுக்கு முந்தி ஒண்டு சொல்லு, பெற்றோல் எங்க அடிக்கிற, ஒக்டேன் 92 ஆ 95 ஆ, டேங்க்ல எவ்வளவு போடுற?

வெள்ளவத்தை_பல்சர்:

பழைய சிடிஐ சீற்றுக்குக் கீழதான் கிடக்குது நானா, வீசேல்ல. பெற்றோல் 92 தான். கிழமைக்கு ஒருக்கா திங்கட்கிழமை காலமை ஃபுல் டேங்க் அடிப்பன், பிறகு கிழமை முழுக்க அடிக்கமாட்டன்.

கிக்கர் அண்ணா, பிக்கப் கொயில் கூலா இருக்கேக்க அளந்தனான், ஏதோ ஒரு நம்பர் காட்டுது, ஓப்பன் இல்ல. ரோட்டில நிக்கேக்க அளக்கவேணும், நாளைக்கு மீற்றரைப் பையுக்க கொண்டு போறன்.

பழைய_பென்லி:

தம்பி, கொயிலுக்குக் காசு குடுக்காதீங்கோ. கொஞ்சம் பொறுங்கோ.

நான் 30 வருசத்துக்கு மேல ஹொண்டா சிடி 125 ஒண்டு வைச்சிருக்கிறன், அதை வேற ஒருத்தரிட்டயும் குடுத்துத் திருத்தினது இல்ல. அதால நான் பெரிய மெக்கானிக் எண்டு சொல்லவரேல்ல, பிழை விட்டு விட்டுத்தான் பழகினது. நான் விட்ட பிழையிலயே பெரிய பிழை, எது பழுது எண்டு தெரியாமலே ஒவ்வொரு சாமானா மாத்திக்கொண்டு போனது. நீங்கள் இப்ப அந்த ரோட்டிலதான் நிக்கிறீங்கள்.

நீங்கள் எழுதினதில ஒரு வசனத்தை ஒருத்தரும் கவனிக்கேல்ல. "பவர் குறையத் தொடங்கும், முறுக்க முறுக்க இழுக்காது, குமுறிப்போட்டு நிண்டிடும்." கரண்ட் பக்கம் விட்டா அப்பிடிச் சாகாது. சுவிச்சை ஓஃப் பண்ணின மாதிரி டக்கெண்டு நிக்கும், இல்லாட்டி விட்டு விட்டு வெட்டும், சிலநேரம் சைலன்ஸருக்குள்ள பட்டாசு வெடிக்கும். மெல்ல மெல்ல மூச்சு வாங்கிச் சாகிறது பெற்றோல் இல்லாம சாகிற சாவு. ரிசேர்வுக்கு வரேக்க பைக் எப்பிடி இழுக்காமப் போகும், அந்த மாதிரித்தானே? எப்பவும் இப்பிடித்தான் எண்டு சத்தியம் பண்ணமாட்டன், ஆனா பத்துக்கு எட்டு அப்பிடித்தான்.

அதால நாளைக்கு நிண்டா மீற்றரை எடுக்க முந்தி இதைச் செய்யுங்கோ. பழைய பிளக் ஒண்டைப் பையுக்க வைச்சுக்கொள்ளுங்கோ. நிண்ட உடனே, ஆறவிடாம, கைக்குக் கிட்ட இருக்கிற பக்கத்துப் பிளக்கின்ர கப்பைக் கழட்டி அந்தப் பழைய பிளக்கில மாட்டி, பிளக்கின்ர இரும்பு உடம்பை என்ஜின்ல நல்லா முட்டப் பிடிச்சு ஸெல்ஃப் அடியுங்கோ. என்ஜின்ல இருக்கிற பிளக்கைக் கழட்டாதீங்கோ, ஓட்டையால பெற்றோல் புகை வரும், பொறி பட்டா மயிர் கருகும். முட்டாமப் பிடிச்சுக்கொண்டும் அடிக்காதீங்கோ, சிடிஐக்குக் கூடாது, உங்கட கைக்கும் கூடாது. நீலமா டிக் டிக் எண்டு பாஞ்சா கரண்ட் இருக்கு. பிறகு காபரேட்டர் அடியில இருக்கிற சின்ன ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி எவ்வளவு பெற்றோல் வருது எண்டு பாருங்கோ. என்ஜின் சூடு, அதால கீழ ஒரு போத்தல் மூடியாவது பிடியுங்கோ, ரோட்டில ஊத்தி விடாதீங்கோ.

இது ரெண்டும் பாக்க மூண்டு நிமிசம் காணும். அதுக்குப் பிறகு கதைப்பம்.

கொட்டாஞ்சேனை_கிக்கர்:

பென்லி ஐயா சொல்றதுல பாயின்ட் இருக்கு. ஆனா பெற்றோல் பிரச்சினைன்னா ஆறினதும் எப்படி சரியாகும்? பெற்றோலுக்கு சூடு, குளிரு ரெண்டும் ஒண்ணுதானே. கார்ல வேப்பர் லொக்னு சொல்லுவாங்க, சூட்டுல பெற்றோல் குழாய்க்குள்ளயே ஆவியாகி அடைக்கிறது, பல்சர்ல டேங்க் மேல இருந்து தானா இறங்குது, பம்பும் இல்ல. நான் இன்னும் பிக்கப் கொயில் கட்சிதான்.

வெள்ளவத்தை_பல்சர்:

இண்டைக்கும் நிண்டது. கொள்ளுப்பிட்டி வரேல்ல, பம்பலப்பிட்டியிலயே நிண்டிட்டுது, வழக்கத்தை விட முந்தி.

பென்லி ஐயா சொன்ன மாதிரிச் செய்தன். பொறி இருக்கு. வெயில்ல சரியாத் தெரியேல்ல, சேட்டால மறைச்சுப் பிடிச்சுப் பாத்தன், பாயுது. பிறகு ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினன், ஒரு ரெண்டு மூண்டு துளி விழுந்தது, அவ்வளவுதான். பெற்றோல் டப் திறந்துதான் இருக்கு, ரிசேர்வுக்கும் மாத்திப் பாத்தன், ஒண்டும் இல்ல. டேங்க் ஃபுல்! காலமைதான் அடிச்சது!

அப்ப பெற்றோல் டப் அடைச்சுப்போச்சோ? டேங்குக்குள்ள துரு இருக்குமோ?

பழைய_பென்லி:

துரு அடைச்சா ஓண்ல அடைக்கும், ரிசேர்வ்லயும் அடைக்கும், ஆனா 15 நிமிசத்தில தானாத் திறக்காது. ஃபுல் டேங்க் அடிச்ச அண்டைக்கு வழக்கத்தை விட முந்தி நிண்டது எண்டுறீங்கள். வெள்ளிக்கிழமையில, பெற்றோல் குறைஞ்சு கிடக்கேக்க, நிண்டதோ? ஞாபகப்படுத்திப் பாருங்கோ.

அடுத்த முறை நிண்டா வேற ஒண்டும் வேண்டாம், டேங்க் மூடியைத் திறவுங்கோ. காதைக் கிட்டக் கொண்டுபோய்த் திறவுங்கோ. பிறகு மூடியைப் பூட்டாமல் ஒரு நிமிசம் நிண்டு ஸெல்ஃப் அடியுங்கோ.

இன்னொரு கேள்வி. இந்தப் பிரச்சினை எப்ப தொடங்கினது? தொடங்க முந்தின கிழமை பைக்கில ஏதாவது கை வைச்சனீங்களோ? எவ்வளவு சின்ன விசயம் எண்டாலும் சொல்லுங்கோ, வெக்கப்படாதீங்கோ.

வெள்ளவத்தை_பல்சர்:

ஐயா. வெக்கமாத்தான் கிடக்குது. ஆனா சொல்லத்தான் வேணும்.

முதல்ல, மூடியைத் திறந்தன். ஸ்ஸ்ஸ்ஸ் எண்டு ஒரு இழுவை, சோடாப் போத்தல் திறக்கிற மாதிரி, ஆனா சோடா வெளிய தள்ளும், இது உள்ளுக்க இழுத்தது. மூடியின்ர ரப்பர் டேங்க் வாயோட ஒட்டிக்கொண்டு வர மாட்டன் எண்டு நிண்டது, பிடிச்சு இழுக்கத்தான் வந்தது. ஒரு நிமிசம் கூட நிக்கேல்ல, ஸெல்ஃப் அடிச்சன், பிடிச்சிட்டுது. பக்கத்தில இளநீர் விக்கிற ஐயா என்னை ஒரு மாதிரிப் பாத்தார், நான் தனியச் சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன் போல.

இனி மற்றக் கேள்வி. இது தொடங்கினது ஜூன் தொடக்கத்தில. மே மாசக் கடைசியில இங்க பெய்த மழை தெரியும்தானே. எங்கட அடுக்குமாடியில பைக் பார்க் பண்ணுற இடத்துக்குக் கூரை இல்ல. ரெண்டு தரம் பெற்றோலுக்குள்ள தண்ணி போய்க் காலமை ஸ்டார்ட் ஆகாம நிண்டது. அப்ப நான் என்ன செய்தன் எண்டா, மூடியைத் திறந்து அடியில இருக்கிற ரப்பர் சுத்தி முழுக்க கிரீஸ் பூசினன். நல்லாவே பூசினன். ரப்பருக்குப் பக்கத்தில ஒரு சின்ன ஓட்டை இருந்தது, அதாலதான் தண்ணி போகுது எண்டு நினைச்சு அதுக்குள்ளயும் விரலால அமத்தி விட்டன்.

தண்ணி போறது நிண்டது உண்மை.

மாளிகாவத்த_நானா:

அல்லாவே 😂😂 மச்சான் பைக்குட மூக்க பொத்திட்டு சிடிஐ மாத்தினீக்கிற

மாளிகாவத்த_நானா:

சிரிச்சது குறையா எடுக்காத, நானும் ஒருக்கா ஏர் ஃபில்டருக்குள்ள துணி வெச்சு மறந்து ஒரு மாசம் ஓட்டினவன்.

தெகிவளை_மில்லிமீற்றர்:

வாசிச்சுக்கொண்டு வந்தனான், இந்த இடத்தில சும்மா இருக்க ஏலாமப் போச்சு, ஏனெண்டா இதில ஒரு வடிவான கணக்கு இருக்கு.

டேங்க் 15 லீற்றர். ஃபுல்லா அடிச்சு 14 லீற்றர் நிக்குது எண்டு வைப்பம், மேல காத்து இருக்க 1 லீற்றர் இடம். மூடியில இருக்கிற அந்த ஓட்டைதான் பெற்றோல் இறங்க இறங்க டேங்குக்குள்ள காத்து விடுறது. அது பூட்டியிருந்தா பெற்றோல் 100 மில்லி இறங்கினா அந்த 1 லீற்றர் காத்து 1.1 லீற்றருக்கு விரியவேணும், அமுக்கம் கிட்டத்தட்ட 9 வீதம் விழும். காத்தமுக்கம் 100 கிலோபஸ்கால் எண்டா 9 கிலோபஸ்கால். இப்ப பெற்றோலைக் கீழ தள்ளுறது என்ன? டேங்க்ல இருந்து காபரேட்டருக்கு இருக்கிற உயரம் மட்டும்தான், ஒரு 25 சென்ரிமீற்றர் பிடியுங்கோ, அது வெறும் 1.8 கிலோபஸ்கால். அதாவது 20 மில்லி இறங்கினாலே மேல இருந்து இழுக்கிற இழுவையும் கீழ தள்ளுறதும் சமன். பெற்றோல் நிண்டிடும்.

அரை டேங்க் எண்டா? காத்து 7.5 லீற்றர். அப்ப அதே நிலைக்கு வர கிட்டத்தட்ட 140 மில்லி எரியவேணும். லீற்றருக்கு 45 ஓடுது எண்டா அது 6 கிலோமீற்றர். வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி. வெள்ளிக்கிழமை டேங்க் அடியில கிடக்கேக்க கோட்டை வரைக்கும் நிக்காமப் போயிருப்பீங்கள்.

கணக்கு அப்பிடியே பொருந்தாது, பெற்றோல் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும், கிரீஸ் எங்கயாவது கொஞ்சம் காத்து விடும், காபரேட்டர் கிண்ணத்தில கொஞ்சம் இருக்கும், அதாலதான் ஃபுல் டேங்க்லயும் 1 கிலோமீற்றர்ல நிக்காம பம்பலப்பிட்டி வரைக்கும் போயிருக்கு. ஆனா கிக்கர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: ஆறினதால ஸ்டார்ட் ஆகேல்ல. 15 நிமிசம் போனதால ஸ்டார்ட் ஆச்சு. அந்த நேரத்துக்குள்ள காத்து மெல்ல மெல்ல உள்ளுக்க கசிஞ்சு போயிட்டுது. சூடு ஆறினதும் அதே 15 நிமிசத்திலதானே, அதால எல்லாரும் சூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டம்.

சிடிஐ மாத்தி ரெண்டு நாள் ஒழுங்கா ஓடினது எண்டீங்களே, அது கிழமைக் கடைசியோ? 2022 ல பெற்றோல் தட்டுப்பாட்டில க்யூஆர் கோட்டுக்கு கிழமைக்கு 4 லீற்றர் தந்த காலமா இருந்தா உங்களுக்கு இப்பிடி ஒரு பழுது இருக்கெண்டே தெரிஞ்சிருக்காது.

வெள்ளவத்தை_பல்சர்:

வியாழனும் வெள்ளியும். மூண்டாவது வேலை நாள் திங்கள். ஃபுல் டேங்க்.

கொட்டாஞ்சேனை_கிக்கர்:

சரி நான் தோத்துட்டேன், ஒத்துக்கிறேன். ஆனா இதே தலைப்ப தேடி வர்ற அடுத்த ஆளுக்கு சொல்றேன், மூடி திறந்தும் ஸ்டார்ட் ஆகல, பொறியும் இல்லன்னா அப்ப பிக்கப் கொயில் தான், என்ன திட்டாதீங்க. சூட்டுல ஒருக்கா, கூல்ல ஒருக்கா அளந்துட்டு அப்புறமா வாங்குங்க. மேக்னட் பக்கத்துல இருந்து வர்ற கனெக்டரயும் கழட்டி பாருங்க, கடல்காத்து பக்கம் இருக்கிறவங்க பைக்ல அதுக்குள்ள பச்சையா களிம்பு பிடிச்சிருக்கும், கொயில் நல்லா இருந்தும் கரண்ட் வராது.

பழைய_பென்லி:

தம்பி, கண்டுபிடிச்சது நீங்கள்தான், உண்மையைச் சொன்னதால. சும்மா இருந்திருந்தா இன்னும் கொயில், ரெக்டிஃபையர், கடைசியா வயரிங் எல்லாம் மாத்தியிருப்பீங்கள்.

இப்ப மூடியைக் கழுவுங்கோ. மூடியைக் கழட்டி வெளிய எடுத்து வைச்சு மண்ணெண்ணெய்யும் பழைய பல் பிரஷும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே ரப்பருக்கு அடிக்காதீங்கோ, ஊதிப் பெருத்துப்போகும். ஓட்டைக்குள்ள ஊசி குத்தவேண்டாம், உள்ளுக்க சின்ன வால்வ் மாதிரி இருந்தா கிழிஞ்சிடும், மீன்பிடிக்கிற தங்கூசி ஒரு துண்டை விட்டு மெல்ல ஆட்டுங்கோ, பிறகு வாயால ஊதிப் பாருங்கோ, காத்துப் போனாக் காணும்.

ஆனா தண்ணி ஏன் போச்சு எண்டதை விட்டிட்டம். உங்கட டேங்க் மூடி டேங்கோட மட்டமா இருக்கிற மூடி. அதைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், மழைத்தண்ணி அதுக்குள்ளதான் தேங்கும். அந்தப் பள்ளத்தில ஒரு ஓட்டை இருக்கு, அதில இருந்து டேங்குக்கு உள்ளால ஒரு குழாய் இறங்கி அடியில ஒரு ரப்பர் ஹோஸால தண்ணியை ரோட்டில விடும். அந்த ஹோஸ் அடைச்சிருந்தா தண்ணி தேங்கி, மூடிக்குக் கீழால டேங்குக்குள்ள போகும். நீங்கள் அடைச்சிருக்கவேண்டியது ஒண்டும் இல்ல, திறந்திருக்கவேண்டியது ஒண்டு இருந்தது. அந்த ஓட்டையில ஒரு தேக்கரண்டி தண்ணி ஊத்திப் பாருங்கோ, கீழ வருதோ எண்டு.

டேங்க் அடியில கிடக்கிற தண்ணியையும் எடுங்கோ. டப்பில இருந்து ஹோஸைக் கழட்டி, ரிசேர்வில போட்டு, பழைய ஜாம் போத்தல் ஒண்டுக்குள்ள முதல் வாற பெற்றோலைப் பிடிச்சு வெளிச்சத்தில வைச்சுப் பாருங்கோ. தண்ணி அடியில தனியா உருண்டு நிக்கும். சிகரெட் குடிக்கிற ஆக்களைக் கிட்ட விடாதீங்கோ.

வெள்ளவத்தை_பல்சர்:

ஒரு கிழமைக்குப் பிறகு வாறன்.

மூடி கழுவியாச்சு. தண்ணி போற ஹோஸை எடுத்து ஊதினன், போகேல்ல. நல்லா ஊதினன், ஒரு சின்னக் குளவிக்கூடு மாதிரி மண் உருண்டை வந்து விழுந்தது, குளவியோ வேற ஏதுமோ தெரியாது, உள்ளுக்க களிமண் வைச்சுப் பூசி வீடு கட்டி வைச்சிருக்கு. அவ்வளவுதான் காரணம். ஒரு பூச்சி. ஜாம் போத்தல்ல அரை இஞ்சிக்குத் தண்ணி நிண்டது.

அஞ்சு நாளா ஃபுல் டேங்கோட ஒரு இடத்திலயும் நிக்கேல்ல.

ஆனா இப்ப ஒண்டு கவனிச்சன், முந்தியும் இருந்திருக்கும், பெரிய பிரச்சினையால தெரியேல்ல. நல்லா சூடானாப் பிறகு சிக்னல்ல நிக்கேக்க ஐட்லிங் விழுது, நிக்கப் பாக்குது. காலமை ஐட்லிங் நல்லம். சூட்டில கிக் அடிச்சாக் கால் லேசாப் போகுது, முந்தின மாதிரி இறுக்கம் இல்ல. இது உண்மையாவே சூட்டுப் பிரச்சினையோ, இல்லாட்டி இதுக்குள்ளயும் நான் கிரீஸ் பூசியிருக்கிறனோ?

பழைய_பென்லி:

இது உண்மையான சூடு. வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற ரொக்கருக்கும் நடுவில இருக்கிற இடைவெளி, கடைசியா எப்ப பாத்தது? தெரியாது எண்டுதான் சொல்லுவீங்கள், ரெண்டாவது ஓனர்.

அந்த இடைவெளி கூடி டப்பெட் சத்தம் போட்டா எல்லாரும் கராஜுக்கு ஓடுவினம். சத்தம் போடாட்டி ஒருத்தரும் பாக்கமாட்டினம். ஆனா ஆபத்து சத்தம் இல்லாததிலதான். வால்வ் ஓட ஓட, அது வந்து பூட்டுற வால்வ் சீற்றுக்குள்ள மெல்ல மெல்லப் புதையும், இடைவெளி குறைஞ்சுகொண்டு வரும், சத்தமும் குறையும், என்ஜின் வடிவா ஓடுது எண்டு நினைப்பம். கடைசியா சூட்டில வால்வ் நீளேக்க இடைவெளி ஒண்டும் மிஞ்சாது, எக்ஸோஸ்ட் வால்வ் முழுசாப் பூட்டாது, கம்ப்ரெஷன் கசியும். கிக் லேசாப் போறது அதுதான். அப்பிடியே விட்டா வால்வ் எரியும், பிறகு ஹெட் இறக்கவேணும்.

இரவு முழுக்க என்ஜின் ஆறினாப் பிறகு, காலமை, ஸ்டார்ட் பண்ண முந்தி செய்யுங்கோ. கையை வைச்சாக் குளிரவேணும். பிளக் ரெண்டையும் கழட்டுங்கோ, சுத்த லேசா இருக்கும். டப்பெட் கவரைக் கழட்டி, மேக்னட் கவர்ல இருக்கிற மூடி ரெண்டையும் கழட்டி, சொக்கெட் போட்டு, ஓடேக்க சுத்துற பக்கமாவே சுத்தி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டுற "டி" அடையாளத்தை நேருக்குக் கொண்டுவாங்கோ. இங்க ஒரு கண்ணி இருக்கு. வழக்கமா என்ன சொல்லுவினம், ரொக்கர் ரெண்டும் ஆடினாக் கம்ப்ரெஷன் பக்கம், ஆடாட்டி இன்னொரு சுத்துச் சுத்து எண்டு. உங்கட எக்ஸோஸ்ட் இறுகிக் கிடந்தா சரியான பக்கத்திலயும் ஆடாது! நீங்கள் சுத்திக்கொண்டே இருப்பீங்கள். அதால ரொக்கரை நம்பாம, பிளக் ஓட்டையில பெருவிரலை வைச்சுக்கொண்டு சுத்துங்கோ, விரலைத் தள்ளிக்கொண்டு காத்து வந்து "டி" நேருக்கு வந்தா அதுதான் கம்ப்ரெஷன்.

இந்த என்ஜினுக்கு இன்டேக் 0.05, எக்ஸோஸ்ட் 0.10 மில்லிமீற்றர். இடைவெளி அளக்கிற ஃபீலர் தகடு இறுகாமலும் வழுக்காமலும், வெண்ணெய்க் கட்டிக்குள்ள கத்தி போற மாதிரி ஒரு பிடிமானத்தோட போகவேணும். லொக் நட்டை இறுக்கேக்க ஸ்க்ரூவும் சேந்து சுத்தும், அதால இறுக்கின பிறகு திரும்ப ஒருக்கா தகடு விட்டுப் பாக்காம கவரைப் பூட்டாதீங்கோ. நான் பாக்காமப் பூட்டி மூண்டு தரம் திரும்பக் கழட்டினவன்.

மாளிகாவத்த_நானா:

ஃபீலர் கேஜ் பஞ்சிகாவத்தைல எடுக்கலாம், ஆனா 0.05 தகடு ஈக்கிதாண்டு எண்ணிப் பாத்து எடு, சில செட்ல அது இல்ல, பெரிய தகடு மட்டும்தான் ஈக்கி. வாங்கின ஒடனே ஒயில் கொஞ்சம் தடவி வெய், ஒன்ட வெள்ளவத்த காத்துக்கு ரெண்டு மாசத்துல துருப் புடிச்சு 0.05 தகடு 0.08 ஆகிரும் 😄

கராஜ்ல குடுக்கிறதுண்டா மொதல் நாள் ராவே பைக்க விட்டுட்டு வா. ஓட்டிக்கொண்டு போய் ஒடனே வால்வ் பாருங்கண்டா சூட்டோடதான் பாப்பாங்க.

வெள்ளவத்தை_பல்சர்:

ஞாயிற்றுக்கிழமை காலமை ஆறு மணிக்குக் கீழ இறங்கி இருந்தன், அம்மா பல்கனியில இருந்து ரெண்டு தரம் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டா, நான் ஏறேல்ல.

இன்டேக்குக்கு 0.05 போச்சு, கொஞ்சம் இறுக்கம். எக்ஸோஸ்ட்டுக்கு 0.10 போகேல்ல, 0.08 போகேல்ல, 0.05 உம் போகேல்ல. ரொக்கர் அசையவே இல்ல. பென்லி ஐயா சொன்ன கண்ணியில நான் விழுந்திருப்பன், பெருவிரல்தான் காப்பாத்தினது. லொக் நட் அப்பிடி இறுகிக் கிடந்தது, முந்தின ஆரோ கோவத்தில இறுக்கியிருக்கினம். ரெண்டு தரம் இறுக்கி ரெண்டு தரமும் தகடு இறுகிப்போச்சு, மூண்டாம் தரம் ஸ்க்ரூவைச் சின்னக் குறட்டால பிடிச்சுக்கொண்டு இறுக்கினன், நிண்டது.

இப்ப என்ஜின் முந்தியை விடக் கொஞ்சம் சத்தம், மெல்லிய டிக் டிக். ஐட்லிங் சூட்டிலயும் நிக்குது. கிக் அடிச்சாக் காலைத் திருப்பித் தள்ளுது.

புது சிடிஐயைக் கழட்டிப் பழசைப் போட்டன், அதுவும் நல்லாத்தான் ஓடுது. ஆருக்கும் வேணுமெண்டாச் சொல்லுங்கோ, மூண்டு மாசம்தான் பாவிச்சது, வாங்கின விலையில பாதிக்குத் தாறன்.

கொட்டாஞ்சேனை_கிக்கர்:

எனக்கு எடுத்து வைங்க அண்ணே. பிக்கப் கொயில் இருந்தா அதையும் சேர்த்து தாங்க 😅

மாளிகாவத்த_நானா:

மொதல்ல ஒன்ட டேங்க் மூடிய தொறந்து பாரு கிக்கர்